ஐம்பதுக்குப் பின்னால் இரண்டு தசமதானம்

இலங்கையில் வீட்டுக் கரண்டின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சோதனையிலும் அப்படித்தான் எழுதினோம், புள்ளியும் போட்டார்கள். ஆனால் அந்த 50 நின்ற நிலையில் 50ஆக நிற்பதில்லை. நீங்கள் இதை வாசிக்கிற இந்தச் செக்கனில் அது 49.96ஆக இருக்கலாம், 50.03ஆக இருக்கலாம். கொழும்பில் ஆரோ ஏசியைப் போட, திருகோணமலையில் ஆரோ மில்லை நிற்பாட்ட, அது கொஞ்சம் கீழே போய் மேலே வரும். அந்தக் ‘கொஞ்சத்தை’ அளப்பதற்காக நாங்கள் நாலு பேர் ஒரு மாதத்துக்கு மேல் மினக்கெட்டோம். விளையாட்டுக்காக இல்லை. ஒரு வீட்டின் கடன் தவணை அதோடு கொழுவியிருந்தது.

எங்களில் ஒருத்தியின் மாமி வலிகாமப் பக்கம் இருக்கிறா. வங்கியில் கடன் எடுத்துக் கூரையில் 5 கிலோவாட் சோலர் போட்டவ. வெயில் நேரத்தில் கரண்டை லைனுக்கு அனுப்பினால் மாதம் மாதம் காசு வரும், அந்தக் காசில் கடனைக் கட்டலாம் என்பது கணக்கு. முதல் சில மாதம் கணக்குச் சரியாகத்தான் போனது. அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று வீட்டுக்காரர் சோலர் போட்ட பிறகு, மத்தியானங்களில் இன்வேர்ட்டர் நிற்கத் தொடங்கிற்று. சிவப்பு லைற் எரியும், ‘கிரிட் ஃபோல்ட்’ என்று ஒரு வரி வரும், கொஞ்ச நேரத்தால் தானாகத் திரும்ப வேலை செய்யும், பிறகு நிற்கும். நல்ல வெயில் எறிக்கிற நாளில்தான் கூட நிற்கும். உழவு நேரத்தில் படுக்கிற மாடு மாதிரி.

பூட்டித் தந்த கொம்பனிக்கு எடுத்துச் சொன்னால் ஒரே பதில்தான். “அம்மா, அது லைன் ஃப்ரீக்வென்சி சரியில்லை. அதுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேலாது.” மாமிக்கு ஃப்ரீக்வென்சி என்றால் என்னவென்று தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது, திருப்பிக் கேட்க வழியில்லை. “பிள்ளையள், நீங்கள் படிச்சனீங்கள்தானே, அது என்னெண்டு ஒருக்கா பாருங்கோவன்” என்றா.

எங்களுக்கு முதலில் தோன்றியது ஒரு எளிய நியாயம். வோல்ற்றேஜ் இடத்துக்கு இடம் மாறும். ரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அளவு, ஒழுங்கை முடிவில் இன்னொரு அளவு. மீடிறன் அப்படி இல்லை. தீவு முழுக்க ஒரே வலையமைப்பில் கொழுவியிருக்கிறபடியால் பருத்தித்துறையிலும் மாத்தறையிலும் ஒரே மீடிறன்தான். அது பிழைத்து மாமியின் இன்வேர்ட்டர் நிற்கிறது என்றால், அதே நேரம் நாட்டிலுள்ள மற்ற இன்வேர்ட்டர்களும் நிற்கவேண்டும். இதைக் கொம்பனிக்காரரிடம் சொல்ல, அவர் “உங்களிட்ட ரீடிங் இருக்கோ?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. எங்களிடம் இருந்தது மலிவான மஞ்சள் மல்ரிமீற்றர் ஒன்று. வோல்ற்றேஜ் பார்க்கலாம், தடை பார்க்கலாம். மீடிறன் பார்க்கிற இடம் அதில் இல்லை.

எங்களில் ஒருத்தன் றேடியோ, ரிவி திருத்துகிற கடையில் நிற்கிறான். அந்தக் கடையில் ஒரு மீடிறன் எண்ணி கிடந்தது. சீனாவிலிருந்து கிற் ஆக வருகிற, சிவப்பு இலக்கம் எரிகிற சாமான். றேடியோ அலைகளுக்கென்று செய்தது, மில்லியன் கணக்கான ஹேர்ட்ஸை அனாயாசமாக அளக்கும். வீட்டுக் கரண்டை ஒரு சின்ன ரான்ஸ்போமரால் 9 வோல்ற்றாக்கி அதற்குக் கொடுத்தோம். (செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே 230இல் ஒன்றையும் கொழுவவேண்டாம். ஐசி போனால் வாங்கலாம், ஆள் போனால் வாங்கேலாது.) எண்ணி காட்டியது: 50. பிறகு 50. பிறகு 49. பிறகு 50. ஒரு மணித்தியாலம் பார்த்தாலும் அவ்வளவுதான்.

எண்ணியில் பழுதில்லை. அது செய்வது ஒரேயொரு வேலை: ஒரு செக்கனுக்குக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வருகிற அலைகளை எண்ணுகிறது. 50 அலையும் இன்னொரு அலையின் அரைவாசியும் வந்தால் அந்த அரைவாசியை எண்ண அதற்கு வழியில்லை. ஆகவே எப்போதும் ஒன்று கூடும் அல்லது குறையும். பத்து மில்லியன் ஹேர்ட்ஸ் அளக்கும்போது ஒன்று கூடிக் குறைந்தால் ஆருக்கும் கவலையில்லை. ஐம்பதில் ஒன்று என்றால் அது நூற்றுக்கு இரண்டு. எங்கள் நாட்டு மீடிறன் நிற்கவேண்டிய எல்லையே 50இலிருந்து நூற்றுக்கு ஒன்று மேலே, நூற்றுக்கு ஒன்று கீழே, அதாவது 49.5 முதல் 50.5 வரை. எல்லையை விடப் பெரிய வழுவை வைத்துக்கொண்டு எல்லை மீறினதோ இல்லையோ என்று எப்படிச் சொல்வது?

கதவை 100 செக்கன் திறந்து வைக்கலாம். 5003 அலை எண்ணினால் 50.03 என்று எழுதலாம். கணக்குச் சரி, ஆனால் அது அந்த 100 செக்கனின் சராசரி. இன்வேர்ட்டர் நிற்பது ஒரு நொடியில். நடுவில் ஒரு குதி குதித்துத் திரும்பி வந்திருந்தால் சராசரி அதை விழுங்கிவிடும். எங்களுக்குத் தேவை இரண்டு தசமதானம், அதுவும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒன்று.

இங்கேதான் மீடிறனைப் பெருக்குகிற வேலை வருகிறது. 50ஐ 100ஆல் பெருக்கி 5000 ஆக்கிவிட்டால், அதே மலிவான எண்ணி, அதே ஒரு செக்கனில் 5003 என்று காட்டும். நடுவில் ஒரு புள்ளி போட்டால் 50.03. நாங்கள் அந்தப் புள்ளியை எண்ணியின் கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் போட்டோம்.

பெருக்குவது என்றால் என்ன என்பதில்தான் எங்களுக்குள் கனக்கக் கதை போனது. குறைப்பது லேசு. நூறு அலை வந்தால் ஒன்றை வெளியே விடு என்று ஒரு எண்ணிக்குச் சொல்லிவிடலாம். கூட்டுவது அப்படியில்லை. ஒரு அலை வருகிற இடத்தில் நூறு அலையை எங்கேயிருந்து எடுப்பது? எங்களில் கலைப்பிரிவில் படித்தவள்தான் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினாள், ஏனென்றால் அவளுடைய வீடு தவில் வாசிக்கிற வீடு.

கோயில் மேளத்தில் தாளம் போடுகிறவர் ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்த ஒரு தட்டுக்குள் தவில்காரர் எட்டுச் சொல், பதினாறு சொல் வாசித்துவிட்டு அடுத்த தட்டில் சரியாக வந்து சேர்கிறார். அந்தப் பதினாறு சொல்லும் தாளத்திலிருந்து வந்தவையல்ல. அவருடைய கையிலிருந்து வந்தவை. அவர் செய்வது, பதினாறு சொல்லை ஒரு சுற்றாகப் பிடித்து, அந்தச் சுற்று முடிகிற இடமும் தாளம் விழுகிற இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது. தான் முந்தினால் கொஞ்சம் இழுக்கிறார், பிந்தினால் கொஞ்சம் ஓட்டுகிறார்.

அவத்தை பூட்டிய தடம், பி.எல்.எல். என்று சொல்வது இதைத்தான். உள்ளே கிட்டத்தட்ட 5000 ஹேர்ட்ஸில் தானாக ஆடுகிற ஒரு அலையாக்கி இருக்கிறது. அதற்குக் கொடுக்கிற வோல்ற்றேஜைக் கூட்டினால் வேகமாக ஆடும், குறைத்தால் மெல்ல ஆடும். அதன் அலையை எடுத்து 100ஆல் பிரிக்கிறோம், 50 ஹேர்ட்ஸ் போல ஒன்று கிடைக்கும். அதையும் சுவரிலிருந்து வருகிற 50ஐயும் பக்கத்தில் வைத்து எது முந்துகிறது என்று ஒரு ஒப்பீட்டி பார்க்கிறது. வித்தியாசத்தை ஒரு தடையி, ஒரு கொள்ளளவி வழியாகச் சமப்படுத்தி அலையாக்கிக்குத் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் பூட்டிக்கொண்டால் 5000 எப்போதும் சுவர்க் கரண்டின் சரியாக நூறு மடங்கு. அதாவது பெருக்குகிற யந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது பிரிக்கிற யந்திரம்.

பிரான்சில் ஆன்றி தெ பெலெசிஸ் என்ற பொறியியலாளர் 1932இல் றேடியோ வாங்கிகளுக்காக இந்த மாதிரி ஒரு வழியை எழுதினார். இப்போது உங்கள் கையில் இருக்கிற ஃபோனுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சில பத்து மில்லியன் ஹேர்ட்ஸில் ஆடுகிற ஒரு சின்னப் பளிங்கை வைத்துத்தான் பில்லியன் கணக்கு வேகங்களைச் செய்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவு புதுசு இல்லை: 4046 என்கிற பழைய ஐசி ஒன்று. ஒப்பீட்டியும் அலையாக்கியும் அதற்குள்ளேயே இருக்கும். நூறால் பிரிக்க 4518. அதற்குள் பத்தால் பிரிக்கிற எண்ணிகள் இரண்டு இருக்கிறபடியால் ஒரே ஐசியில் நூறு வந்துவிடும்.

செய்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. 4518இன் முதல் எண்ணியிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது குளொக் காலில் கொடுக்காமல் எனேபிள் காலில் கொடுத்து, குளொக் காலை நிலத்தோடு கட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது எண்ணி நேரம் பிந்தி இல்லை, முந்தி நகரும். மற்றது, 4046க்குள் இரண்டு ஒப்பீட்டி உண்டு. முதலாவது, மீடிறனின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் போய்ப் பூட்டிக்கொள்ளக்கூடியது. அலையின் விளிம்பைப் பார்த்து வேலை செய்கிற இரண்டாவதைத்தான் இதற்கு எடுக்கவேண்டும்.

இதெல்லாம் சேர்ந்து முதல் நாள் பின்னேரம் 49.98 என்று காட்டியபோது கடையில் நின்ற எல்லாரும் கை தட்டினோம். அடுத்த செக்கனில் 49.99. பிறகு 50.01. ஒரு நாடு முழுக்க மூச்சு விடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கடை முதலாளி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பிமார், இலக்கம் வாறது பெரிய வேலை இல்லை. அது உண்மையான இலக்கமோ?”

இந்தக் கேள்விதான் மிச்ச மாதம் முழுவதையும் தின்றது, அதில் நாங்கள் கற்றதும் கூட. பெருக்கி புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. உள்ளே வருவதைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே குப்பை வந்தால் நூறு மடங்கு குப்பை. பக்கத்து வீட்டில் கிரைண்டர் போட்டவுடன் லைனில் ஊசி ஊசியாகச் சத்தம் ஏறும். அலை பூச்சியத்தைக் கடக்கிற இடத்தில் அந்த ஊசி ஒன்று விழுந்தால் ஒரு கடப்பு மூன்று கடப்பாகத் தெரியும். ஒப்பீட்டி அதை நம்பி அலையாக்கியை விரட்டும், எண்ணி 50.90 என்று காட்டும். அப்படி ஒரு இலக்கத்தைக் கொண்டுபோய்க் கொம்பனிக்காரரிடம் கொடுத்திருந்தால் “பாத்தீங்களோ, நான் சொன்னன்தானே” என்றிருப்பார். அதனால் முன்னால் ஒரு வடிகட்டியும், சின்ன ஆட்டங்களுக்கு அசையாத ஒரு சிமிட் ரிகரும் வைத்தோம். கிரைண்டரை வேணுமென்றே போட்டுப் போட்டுப் பார்த்தோம். இலக்கம் அசையாமல் நிற்கும்வரை.

தவில்காரரின் கதை இங்கேயும் பொருந்தும். தாளக்காரரின் கை ஒருக்கா நடுங்கினால் அதற்கெல்லாம் நல்ல தவில்காரர் ஆடமாட்டார், தன்பாட்டில் போவார். தாளம் உண்மையாகவே வேகம் மாறினால் இரண்டு மூன்று தட்டுக்குள் பிடித்துவிடுவார். பி.எல்.எல்.இல் இந்தக் குணத்தைத் தீர்மானிப்பது அந்தத் தடையியும் கொள்ளளவியும். பெரிதாக வைத்தால் இலக்கம் அழகாக அசையாமல் நிற்கும், ஆனால் மாற்றத்தைப் பிடிக்கப் பல செக்கன் எடுக்கும். அது பழைய சராசரிக் கதைதான், வேறு சட்டை போட்டு வருகிறது. சின்னதாக வைத்தால் உடனே பிடிக்கும், ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஆடும். நேரத்துக்குக் கொடுக்கவேண்டிய விலையை எங்கேயாவது ஓரிடத்தில் கொடுத்தே ஆகவேண்டும். நாங்கள் கிட்டத்தட்ட ஒரு செக்கனில் பிடிக்கிற மாதிரி வைத்தோம்.

பிறகு சரிபார்ப்பு. எண்ணியின் ஒரு செக்கன் உண்மையில் ஒரு செக்கனா? அதற்குள் இருக்கிற பளிங்கு மில்லியனில் 20 பங்கு பிழைத்தாலும் 50இல் அது 0.001தான், எங்கள் கடைசி இலக்கத்தைத் தொடாது. இருந்தாலும் கடை முதலாளியை நம்பவைக்க இன்னொரு வழியிலும் பார்த்தோம். பெருக்காத அலையை ஃபோன் நேரத்தை வைத்து 1000 செக்கன் எண்ணினோம், அதே நேரம் பெருக்கின இலக்கங்களை எழுதிச் சராசரி எடுத்தோம். கையால் தொடக்கி நிற்பாட்டும்போது செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினால் 10 அலை, அதாவது 0.01 வரும். இரண்டும் அந்த இடைவெளிக்குள் பொருந்தின. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீ வாங்கித் தந்தார்.

தசமத்துக்குப் பின்னால் இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கிறவர்களுக்கு ஐரோப்பாக் கதை ஒன்று இருக்கிறது. 2018 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அங்கே பெரும்பாலான நாடுகளில் சராசரி மீடிறன் 49.996ஆக இருந்தது. கொசோவோவுக்கும் சேர்பியாவுக்கும் இடையிலான பிணக்கில், அந்தப் பகுதியில் உற்பத்தியாக வேண்டிய மின்சாரம் குறைந்துபோய், அதை ஆரும் ஈடுசெய்யாமல் விட்டார்கள். 0.004 ஹேர்ட்ஸ். எந்தச் சாதாரண மீற்றரிலும் அது 50 என்றுதான் தெரியும். ஆனால் கரண்டின் அலையை எண்ணி ஓடுகிற அடுப்பு மணிக்கூடுகளும் அலாம் மணிக்கூடுகளும் அந்தக் கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, கடைசியில் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பிந்தி நின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50க்கு 0.004 என்றால் ஒரு நாளில் 7 செக்கனுக்குக் கிட்ட. 50 நாளில் 350 செக்கனுக்குக் கிட்ட, ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

மாமி வீட்டில் நாங்கள் ஐந்து நாள் இருந்தோம். காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் இரண்டரை வரை, முறை வைத்து, சி.ஆர். கொப்பியில் எழுதினோம். ஒரு பக்கம் மீடிறன், மறுபக்கம் மஞ்சள் மீற்றரில் வோல்ற்றேஜ், நடுவில் நேரம். மாமி இடைக்கிடை வந்து “இண்டைக்கு எவ்வளவு?” என்று காய்ச்சல் கேட்கிற மாதிரிக் கேட்பா. இன்வேர்ட்டர் நின்ற ஒவ்வொரு முறையும் சிவப்புப் பேனையால் கோடு போட்டோம்.

சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த மீடிறன்கள்: 50.04, 49.97, 50.01, 50.06. மற்ற நேரத்தில் இருந்த அதே மாதிரி இலக்கங்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வோல்ற்றேஜ் பக்கம் காலையில் 232, பதினொரு மணிக்கு 241, பன்னிரண்டரைக்கு 249. 250ஐத் தாண்டின கையோடு சிவப்பு லைற். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230, கூடிக் குறையலாம் என்று விட்டிருப்பது நூற்றுக்கு ஆறு. அதாவது மேல் எல்லை 243.8.

காரணம் பிறகு விளங்கினது. 5 கிலோவாட் என்றால் 230 வோல்ற்றில் கிட்டத்தட்ட 22 அம்பியர். வீட்டிலிருந்து ரான்ஸ்போமருக்குப் போய்வருகிற வயரின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டாலும், கரண்ட் திரும்பிப் போகும்போது வீட்டுப் பக்கத்தில் 11 வோல்ற் ஏறும். அதே வயரில் நாலு வீடு தள்ளினால் இன்னும் ஏறும். ஒழுங்கை முடிவில் இருப்பது மாமி வீடு. வயர் மெல்லிசு, தூரம் கூட. மீடிறனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதற்கு நடுவில் எங்களுக்குள் இன்னொரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. 4046 எல்லாம் பழசு, முழுக்க டிஜிற்றலாகச் செய்யலாம் என்று தொழினுட்பக் கல்லூரிக்காரி சொன்னாள். வழி இப்படி: 10 மில்லியன் ஹேர்ட்ஸ் பளிங்கை 100ஆல் பிரித்து ஒரு இலட்சம் ஆக்கு. சுவர்க் கரண்டின் ஒரு அலை, அதாவது 20 மில்லிசெக்கன், நடக்கிற நேரத்துக்குள் அதை எண்ணு. 2000 வரும். இப்போது பிரிக்காத 10 மில்லியனை அந்த 2000ஆல் பிரித்து வெளியே விடு. 5000 ஹேர்ட்ஸ். பெருக்கியாயிற்று, கொள்ளளவியும் இல்லை, காத்திருப்பும் இல்லை, ஒரு அலைக்குள் வேலை முடிந்தது. கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் 49.99 ஹேர்ட்ஸில் ஒரு அலை 20.004 மில்லிசெக்கன். எண்ணினால் 2000.4. எண்ணிக்கு 0.4 தெரியாது, 2000 என்றே எழுதும், வெளியே அதே 5000. அடுத்த படி 2001, அது 49.975. இடையில் இருப்பதெல்லாம் காணாமல் போகிறது. வேகமான பளிங்கு வைத்தால் படி சிறிதாகும், அப்படித்தான் செய்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், ஒரு சின்னக் கணிப்பான் ஐசி கையில் இருந்தால் மீடிறன் வாசிக்க மட்டும் பெருக்கவே தேவையில்லை. ஒரு அலையின் நேரத்தை 10 மில்லியனில் எண்ணி, 200,000 என்று எடுத்து, தலைகீழாகப் பிரித்தால் போதும். மூன்று தசமதானம் வரை வரும். பிரித்தல் கணக்குச் செய்ய யந்திரம் இல்லாத காலத்தில்தான், இலக்கத்தை நேரே காட்ட, பெருக்கி பெரிய உதவியாக இருந்தது. ஆனால் பெருக்கி செத்துப்போகவில்லை, வேலை மாறிவிட்டது. மின்சாரத்தின் தரம் அளக்கிற கருவிகள், ஐ.இ.சி. நியமப்படி, சரியாக 10 அலையை ஒரு கட்டாக எடுத்து ஆராயவேண்டும். 50இல் அது 200 மில்லிசெக்கன். மீடிறன் 49.5க்குப் போனால் 200க்குள் 9.9 அலைதான் இருக்கும். அந்த வெட்டுப்பட்ட வால், இல்லாத 150, 250 ஹேர்ட்ஸ் அலைகளாகக் கணக்கில் ஒழுகும். எல்ஈடி பல்ப் கெடுத்ததா, எங்கட கத்தரிக்கோல் கெடுத்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே மாதிரி எடுக்கிற வேகத்தைச் சுவர்க் கரண்டிலிருந்தே பெருக்கி எடுப்பார்கள். ஒரு அலைக்கு 256 மாதிரி என்றால் 50இல் 12,800, 49.5இல் 12,672. கரண்ட் மெல்லப் போனால் கத்தரிக்கோலும் மெல்லப் போகும். இந்தத் தடத்தை இன்றைக்குப் பெரும்பாலும் மென்பொருளாகவே எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் அந்த வாதத்தில்தான் தெரிந்தது. மாமியின் இன்வேர்ட்டருக்குள்ளும் ஒரு பி.எல்.எல். இருக்கிறது. அது இல்லாமல் எந்தச் சோலர் இன்வேர்ட்டரும் லைனோடு சேர முடியாது. லைன் தாளம் போடுகிறது, இன்வேர்ட்டர் கேட்டு வாசிக்கிறது. தாளம் போடுவது ஆர்? பெரிய நிலையங்களில் சுற்றுகிற பாரமான யந்திரங்கள். இரு துருவ ஜெனரேற்றர் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் 50 ஹேர்ட்ஸ். தேவை கூடி உற்பத்தி குறைந்தால் அது மெல்லச் சுற்றும், பாரம் பெரிதென்றால் விழுவதும் மெல்ல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி தாண்டி நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. எங்கள் ஊரிலும் மீம் போட்டார்கள். ஆனால் குரங்கு தொடக்கம் மட்டும்தான். ஞாயிறு என்றபடியால் தேவை குறைவு, வெயில் என்றபடியால் சோலர் கூட, சுற்றுகிற பாரமான யந்திரங்கள் குறைவு. தட்டு விழுந்தபோது தாங்கிப் பிடிக்கப் பாரம் போதவில்லை. மீடிறன் உண்மையாகவே பிழைத்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கு முழு நாடும் பார்த்தது. ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டு இன்வேர்ட்டர் மட்டும் நிற்கிற மாதிரி இருக்காது அது.

அந்தக் கொப்பியின் பக்கங்களைப் ஃபோட்டோ கொப்பி எடுத்து, நேரத்துக்கு நேரம் இரண்டு கோடு வரைந்த ஒரு தாளும் சேர்த்து, மாமியின் கையெழுத்தோடு கொம்பனிக்கும் மின்சார அலுவலகத்துக்கும் கொடுத்தோம். ஒரு கோடு நேராக, மற்றது மத்தியானத்தில் மலை மாதிரி. கொம்பனிக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, “இது ஃப்ரீக்வென்சி இல்லைத்தான்” என்றார். எங்கே எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார், பெட்டியைத் திறந்து காட்டினோம். 4046ஐப் பார்த்துச் சிரித்து, தான் கம்பசில் படிக்கும்போது இதைச் செய்ததாகச் சொன்னார். மூன்றாம் கிழமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து தங்கள் மீற்றரைக் கொழுவி ஒரு நாள் விட்டுப் போனார்கள். அவர்களுடைய இலக்கமும் 250ஐத் தொட்டது. ஒழுங்கைக்குத் தடித்த வயர் இழுக்க வேண்டுமென்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வயர் இன்னும் வரவில்லை. மாமி மத்தியானத்தில் தண்ணி மோட்டரைப் போடுகிறா, அரைக்கிறதையெல்லாம் அந்த நேரத்துக்கு வைத்திருக்கிறா. வீட்டுக்குள் செலவழிந்தால் லைனில் ஏறுவது குறையும் என்று நாங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு. நிற்கிறது குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. பெட்டியைத் திருப்பி எடுக்கப் போனபோது தரமாட்டேன் என்றுவிட்டா. குசினிச் சுவரில் மணிக்கூட்டுக்குக் கீழே அது இருக்கிறது. போன கிழமை ஃபோன் எடுத்து, “பிள்ளையள், இண்டைக்கு விடிய 49.82 காட்டிச்சுது, எங்கையோ என்னவோ நடந்திருக்கு” என்றா.